சம்பளத்துக்குக் கட்டின பிராது

அப்போல்லாம் உதவி பெறும் பள்ளிக்கூடத்து டீச்சருங்களுக்குச் சம்பளம் தாளாளர் கையாலதான். விருத்தாசலத்துல எங்க தாளாளர் நெல்லு மண்டி வச்சிருந்தார். மாசம் பொறந்தா மண்டியில போய் வரிசையா நிப்போம். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடணும். கைக்கு வர்றது கொறச்சலாத்தான் வரும். மீதி கட்டட நிதியாம். எந்தக் கட்டடமோ! மழை பேஞ்சா என் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க சிலேட்டைத் தலைமேல கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.

எழுபதுகள்ல ஒரு பேச்சு கெளம்புச்சு. சட்டம் வருது, இனிமே அரசாங்கமே நேரா சம்பளம் குடுக்கும், தாளாளர் கை அதுல படாதுன்னு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்கு மட்டும் பயம்தான். இன்னார் இன்னார் என் பள்ளிக்கூடத்து டீச்சருங்கன்னு ஆபீசுக்கு எழுத வேண்டியதும் அதே தாளாளர்தானே. அவர் எழுதாம விட்டா வூட்டைப் பாத்து நடக்க வேண்டியதுதான். எல்லாருக்கும் கடைசியா வேலைக்குச் சேந்தவ நான். எங்க வூட்டுக்காரர் வேலை பாத்த பீங்கான் கம்பெனியில சூளை அணைஞ்சு கெடந்துச்சு. என் சம்பளத்தை விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல.

அந்த நேரம் பாத்து மண்டியில நெல்லு நனைஞ்சு மொளைவிட்டுப் போச்சு. பின்னாலேயே தாளாளர் படியில வழுக்கி விழுந்து கால் பிசகிடுச்சு. யாரோ தன்மேல பிராது கட்டிட்டாங்கன்னு அவர் முடிவே பண்ணிட்டார். எங்க பக்கத்து ஜனங்க கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தி கொளஞ்சியப்பர் கோயிலுக்குத்தான் போவாங்க. குறையைத் தாள்ல எழுதி அங்க சூலத்துல கட்டிட்டு வந்துட்டா, மேற்கொண்டு சாமி பாத்துக்கும். குறை தீந்ததும் கட்டினவங்களே போய் வாபஸ் வாங்கணும்.

சூளை திரும்ப எரியணும்னு வேண்டிக்கிட்டு நான் அந்தக் கோயிலுக்குப் போனதை யாரோ பாத்துட்டு அவர்கிட்ட வத்தி வச்சிட்டாங்க. கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, அரசாங்கத்துக்கே நான் பயப்படல. நீ போய் சாமிகிட்ட என்னை மாட்டிவுட்டுட்டியே?"

"ஐயோ, சத்தியமா நான் கட்டலீங்க ஐயா. கும்புடத்தான் போனேன்."

"யாருகிட்ட கதை வுடற? வெள்ளிக்கிழமை என்கூட வண்டியில வா. வாபஸ் வாங்கு. அப்பத்தான் உன் பேரு ஆபீசுக்குப் போவும்."

கட்டாத பிராதை எப்படி வாபஸ் வாங்குறது? வூட்டுல சொல்லிப் புலம்பினேன். எங்க வூட்டுக்காரர் சொன்னார், "இதுக்கா இப்படிக் கலங்குற? முன்னாடியே போய் ஒண்ணு கட்டிட்டு வந்துடு. வெள்ளிக்கிழமை அதையே அவுத்துக்க." ஆம்பளைங்க யோசனை! சாமி என்ன வாடகை சைக்கிளா, நெனைச்சப்ப எடுக்குறதுக்கும் விடுறதுக்கும்? ஆனா வேற வழியும் தெரியல. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தேன்.

கோயில்ல உக்காந்து பேனாவைத் தொறந்தேன். சாமிக்குப் பொய் எழுத எனக்குத் துணிச்சல் ஏது? அதனால நடந்ததையே எழுதினேன். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டு என் தாளாளர் கொறச்சுக் குடுக்குறார், என் சம்பளத்தை முழுசா வாங்கிக் குடு சாமின்னு. எழுத எழுதக் கோவம் வந்துச்சு. இத்தனை நாள் அது எங்க இருந்துச்சோ தெரியல. தாளை மடிச்சு சூலத்துல கட்டிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை தாளாளர் கம்பை ஊணிக்கிட்டு வந்தார். சூலத்துக்கிட்ட நின்ன பூசாரி வழக்கப்படி கேட்டார், "என்ன குறைம்மா? தீந்துதா? சாமி முன்னால வாயைத் தொறந்து சொல்லு."

இப்படிக் கேப்பாங்கன்னு எங்கிட்ட யாரும் சொல்லல! தீந்துதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வேலை நெலைக்கும். தாளாளர் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறார். நான் கட்டின தாள் சூலத்துல எதுத்தாப்புல தொங்குது.

"முழுச் சம்பளம் வரலீங்க"ன்னேன். "இன்னும் தீரலீங்க."

"அப்ப வாபஸ் கெடையாது. தீந்த பொறவு வாங்க"ன்னுட்டு பூசாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வர்ற வழியெல்லாம் தாளாளர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தார். போச்சு, என் பொழப்புல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்னு நெனைச்சேன். சம்பளம் போடுற அன்னைக்கு மண்டி வரிசையில போய் நின்னேன்.

என் முறை வந்துச்சு. தாளாளர் நிமுந்து பாக்காம பணத்தை நீட்டினார். "நீ எழுதினபடியே முழுசா இருக்குது. நாளைக்கே போய் வாபஸ் வாங்கிடு தாயி. உன் பேரை மொதல்ல எழுதி அனுப்பிடறேன்."

நெசமாவே முழுசா இருந்துச்சு. கையெடுத்துக் கும்புட்டேன்.

எனக்குப் பின்னால ஒண்ணாம் வகுப்பு டீச்சர் நின்னாங்க. புருஷனைப் பறிகொடுத்துட்டு மூணு பிள்ளைங்களை வளக்குறவங்க; எனக்கு ரொம்ப முந்தியே வேலைக்குச் சேந்தவங்க. அவங்க முழுசுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. அவங்களுக்கு எப்பவும் போல கொறச்சுத்தான் வந்துச்சு. அவங்களுக்குப் பின்னால நின்னவங்களுக்கும் அப்படித்தான். சட்டம் இன்னும் பேச்சாத்தான் இருந்துச்சு.

ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய வந்தோம். கடைத்தெரு முடியிற எடத்துல அவங்க நின்னாங்க. அப்புறம் கோவமே இல்லாம, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குற மாதிரி கேட்டாங்க.

"எங்களையும் சேத்து எழுதியிருக்கலாமே டீச்சர். தாள்ல எடமா இல்ல?"