மூச்சை முகர்ந்த பெட்டி

காலை ஏழு மணி பத்து நிமிடம். பள்ளிவாசல்துறை மதரசா மண்டபத்தின் வாசலில் நான் முதலில் கண்டது செருப்புகளை. நாற்பது ஐம்பது சோடி இருக்கும். எல்லாமே கழுவப்பட்டிருந்தன. மணலும் மீன் செதிலும் ஒட்டாத செருப்புகளை அந்த ஊரில் பெருநாள் காலையில்தான் காணலாம்.

உள்ளே சவர்க்காரமும் முகப்பவுடரும் கராம்பும் ஏலக்காயும் மணந்தன. ஆண்களின் பக்கத்திலிருந்து அத்தர் மணம் வந்தது. மேசையில் சோற்றுப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் பின்னால் கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக் குழுவின் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். வந்தவர்களைப் பார்த்தாள், மூச்சை ஒருமுறை இழுத்தாள், சன்னல்களைத் திறக்கச் சொன்னாள்.

மூச்சின் வாசனையை வைத்துக் காசநோயைக் கண்டுபிடிக்கும் கருவி அது. முந்திய வெள்ளிக்கிழமை பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம், வெற்றிலை போட வேண்டாம், வாசனைப் பொருள் எதுவும் பூச வேண்டாம். முதல் இரண்டையும் ஊர் அப்படியே கடைப்பிடித்தது. மூன்றாவதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. மூச்சை முகரப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு வெறும் வாயோடு போவது எப்படி?

அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். பெட்டிக்குள் சின்னச் சின்ன உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை வாயுவுக்கு அசையும். நோயாளிகள் பலரின் மூச்சில் அவை எப்படி அசைந்தன என்பதைக் கணினிக்குக் காட்டியிருக்கிறார்கள். புதிதாக வருபவரின் மூச்சு அதைப் போலிருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "இது முடிவு சொல்லாது, சேர். சல்லடை மாதிரி" என்றாள். நான் எழுதிக்கொண்டேன். பத்திரிகைக்காக வந்திருந்தேன், ஆனால் அதற்காக மட்டும் அல்ல.

வரிசையில் என் ராத்தா, என் மூத்த சகோதரி, நின்றார். அறுபதைத் தாண்டியவர். கடற்கரையில் சொந்தமாக, மீன் காயப்போடும் கருவாட்டு வாடி ஒன்று வைத்திருந்தார். நோன்பு மாதத்திலிருந்து இருமல். கேட்டால் உப்புத் தூசி என்பார், மிளகாய் வறுத்த புகை என்பார். புத்தளம் ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "அந்த வாசல்ல என்னக் கண்டா, நாளைக்கி என் கையால ஒருத்தன் கருவாடு வாங்குவானா?" என்று கேட்டார். ஆனால் மதரசாவுக்கு வர உடனே சம்மதித்தார். ஊரே ஊதப்போகிறது, அதில் யார் நோயாளி, யார் இல்லை என்று யாருக்குத் தெரியும்?

அவரது முறை வந்தது. ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். பாதியில் இருமினார். மறுபடி ஊதினார். பையைப் பெட்டியில் பொருத்தியதும் திரையிலிருந்த கோடுகள் எல்லாம் ஒரேயடியாக உச்சிக்குப் போய் அங்கேயே நின்றன.

"அம்மா, ஏதும் பூசிக்கொண்டு வந்தனீங்களோ?"

"கொஞ்சம் அத்தர், மகள். மகன் கட்டார்ல இரிந்து கொண்டு வந்தது."

"வாயில?"

"கராம்பு ஒண்டு. ரெண்டு இரிக்கும்."

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "ராத்தா மெசின மாப்பிள்ள எண்டு நெனச்சு வந்தீக்கிறா."

"ஓம்டி, உன்னப் போல வெறும் பவுடரோட வாறத்துக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்றார் ராத்தா. ஆய்வுப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

அன்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே நிலைதான். வருகிற வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். வெறும் தண்ணீரில் குளித்தால் போதும், சவர்க்காரம்கூட வேண்டாம்.

தன் வீட்டுக்கு நடக்கும்போது ராத்தா சொன்னார். "வாடியில இரிந்து வாறவ சவுக்காரம் போடாமக் குளிச்சா என்ன மணக்கும் எண்டு அந்தப் புள்ளக்கித் தெரியாது."

"தெரிஞ்சுதான் கேக்கிறாங்க, ராத்தா. அவங்களுக்கு அது குத்தமில்ல."

"அவங்களுக்கு இல்ல. எனக்கு?"

கொஞ்ச தூரம் போனபின் தானாகவே சொன்னார். "ரெண்டாந்தரம் போனா ஊர் என்ன செல்லும்? மொத தரம் என்னமோ கண்டுட்டாங்க எண்டுதான் செல்லும்."

அடுத்த சில நாட்களில் அதுதான் நடந்தது. கருவி எதுவும் சொல்லவில்லை என்பதை, நோய் எதுவும் இல்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது. சொல்லப்போனால், திரும்பவும் ஊதப்போகிறவர்தான் சந்தேகத்துக்குரியவர் ஆனார்.

வியாழக்கிழமை, நான் குடியிருக்கும் மதுரங்குளியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மண்டப வாசலில் ஆறேழு சோடி செருப்புகள் கிடந்தன. ராத்தாவின் செருப்பு இல்லை. வாடிக்குப் போனேன். வெயிலில் பாயில் பரப்பியிருந்த கட்டா மீன் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

"பெட்டி வேணாம், ராத்தா. சளிய மட்டும் ஒரு போத்தல்ல தாங்க, நான் கொண்டு போய்க் குடுக்கிறன். அந்தப் பிள்ள சொன்னா, அது போதுமாம்."

"போத்தல்ல யார்ட பேர் எழுதுவாங்க?"

"உங்கட பேர்தான்."

"பொறகென்ன? தலவில சேர்ச் திருநாள் முடியட்டும், தம்பி. சனம் திரும்பிப் போகக்குள்ள இஞ்சதான் கருவாடு வாங்கும். அது முடிஞ்சா நீ செல்ற இடத்துக்கெல்லாம் வாறன்."

அந்த வாரம் என் கட்டுரை வெளிவந்தது. வரிசையில் நின்றவர்களின் படத்தோடு, கால் பக்கம். உணரிகளைப் பற்றி எழுதியதில் பிழை எதுவும் இல்லை. கராம்பையும் அத்தரையும் பற்றி எழுதிய பந்தியை இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். நானும் வாதாடவில்லை, அது வேடிக்கையான பந்திதான் என்று அப்போது எனக்கும் தோன்றியது.

இப்போது யோசிக்கும்போது, அந்தக் கருவி ராத்தாவுக்குத் தந்தது நோயறிதலை அல்ல என்று படுகிறது. எல்லோரோடும் சேர்ந்து நிற்க ஓர் இடத்தைத் தந்தது. கிளினிக் வாசலில் அது கிடைக்காது. என் கையில் கொடுத்தனுப்பும் போத்தலிலும் கிடைக்காது. மதரசா மண்டபத்தில் ஒரே ஒரு காலை அது இருந்தது. அந்தக் காலைக்குத்தான் அவர் தன்னிடமிருந்த நல்லதையெல்லாம் பூசிக்கொண்டு வந்தார்.

திருநாள் முடிந்தது. கருவாடு நன்றாக விற்றது. யாத்திரிகர்களின் கடைசி லொறிகள் போன மறுநாள் முகம் கழுவும்போது இரத்தம் துப்பினார். ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்தார்கள், கிருமி இருந்தது. எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரிந்தன. மருந்து தொடங்கினார்கள். சீனி வருத்தமும் இருந்ததால் உடம்பு தாங்குமா என்பதைச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். இன்னும் சில மாதம் முந்தி வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விடுதியில் ராத்தா மெதுவாகத்தான் பேசினார். "இஞ்ச ஒரே டெட்டோல் மணம். உன்ட மெசின் இஞ்ச வந்தா அதுக்கும் தலைசுத்தும்" என்றார்.

"அந்தப் பிள்ளயிட்ட கேட்டுட்டு வந்து சொல்றன், ராத்தா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மருந்து தொடங்கி மூன்றாவது வாரத்தில் மௌத்தானார். மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபனிடும்போது, மருமகள் அலுமாரியைத் திறந்து அத்தர்ப் போத்தலை எடுத்துப் பெண்களிடம் கொடுத்தாள். அதில் பாதிக்கு மேல் மீதமிருந்தது.