பாய் ஏசாமல் இருந்த நாலு நாள்

ஷேக் பரீதுக்குத் தொண்டைதான் மூலதனம். காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வியாபாரம். மலைமேல் அரியூர் நாட்டில் மூன்று தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்துப் பறித்து, காயவைத்து விற்பவர். பறிப்புக் காலம் வந்தால் விடிந்ததும் காரவள்ளி வழியாக மலையேறிவிடுவார். மரத்தடியில் நின்று அண்ணாந்து ஏச ஆரம்பித்தால் மதியச் சோறுவரை நிறுத்தமாட்டார். மேலே இருக்கிறவனின் கை, கால், அவனைப் பெற்றவள், அவளைப் பெற்றவள் என்று ஒன்றையும் விட்டுவைக்கமாட்டார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. ஆளும் நின்றது, மிளகும் வந்தது.

கெடுத்தது மகள் நௌஷீன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை. "அத்தா, நீங்க வெறும் முதலாளி இல்ல, ஒரு தலைவர்" என்றாள். இத்தனை வயதில் ஒரு பெண் வாயால் இப்படிக் கேட்டதில்லை, மனிதர் மயங்கிவிட்டார். சேலத்து ஹோட்டல் ஒன்றில் நடந்த 'தொழில் தலைவர்களின் தன்வளர்ச்சி முகாம்' என்ற இரண்டு நாள் கூத்துக்குக் கிளம்பிப் போனார்.

குளிர்சாதன அறை, கழுத்தில் பெயர் அட்டை. பயிற்சி கொடுத்தவர் நாலு பேரை வைத்து வேலை வாங்கியவராகத் தெரியவில்லை. ஆனால் நானூறு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல தலைவன் கத்தமாட்டான், உத்தரவு போடமாட்டான், கேள்விதான் கேட்பான், தொழிலாளியே யோசித்து முடிவெடுக்கட்டும் என்று விடுவான், நாளைக்குப் பத்துத் தடவை நன்றி சொல்வான். லாரி முதலாளியும் கோழிப்பண்ணைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு அவரவருக்குள் இருக்கும் தலைவனைத் தேடினார்கள். பிரியாணிக்குப் பிறகு தேடியதால் பாதிப் பேருக்குக் குறட்டைதான் கிடைத்தது. ஷேக் பரீத் மட்டும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் தோட்டத்துக்கு வந்தவர் தாளைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாருக்கும் காலை வணக்கமுங்க. வந்ததுக்கு நன்றிங்க."

பறிப்பாட்களுக்குத் தலைவன் சென்றாயன். அவன் தன் அக்கா பாவாயியைப் பார்த்தான். மரத்தடியில் உதிரும் மிளகைப் பொறுக்குவது அவள் வேலை.

"பாய்க்குச் சக்கரை ஏறிப்போச்சாட்ட இருக்குதுக்கா."

"சக்கரையுமில்ல ஒன்னுமில்ல. குத்தகைய வேற ஆளுக்கு மாத்திப்புட்டாரு. உட்டுட்டுப் போறவன்தான் இப்படி நல்லவனாவான்."

மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. சாக்கை எங்கே வைப்பது என்று கேட்டால், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" சோற்றுக்கு இறங்கலாமா என்றால், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" வீட்டில் மனைவி நஜிமா, இன்றைக்கு மீனா கறியா என்று கேட்டாள். அவளுக்கும் அதே பதில்.

"நான் நெனைக்கறதச் சொன்னா உங்களுக்குச் சோறு எறங்காது" என்றாள் நஜிமா.

நாலாம் நாள், முந்தின இரவு பெய்த மழையில் மண் நெகிழ்ந்து கிடந்தது. மிளகு ஏணி என்பது ஒற்றை மூங்கில். கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். ஏறியவன் கண்ணுக்குக் கொடியும் இலையும்தான் தெரியும். மூங்கிலின் அடி என்ன ஆகிறது என்பது கீழே நிற்பவனுக்குத்தான் தெரியும். பாவாயியின் மகன் வேல்முருகன் இருபதடி உயரத்தில் இருந்தான். மூங்கிலின் அடி சேற்றில் மெல்ல வழுக்குவதை ஷேக் பரீத் பார்த்துவிட்டார். "டேய்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சேலத்து ஹோட்டல் ஞாபகம் வந்தது. விழுங்கினார்.

"வேல்முருகன், அந்த ஏணியப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

வேல்முருகன் நினைப்பதற்குள் ஏணி முடிவெடுத்துவிட்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு உரசியபடியே கீழே வந்து விழுந்தான். நெஞ்சிலும் வயிற்றிலும் தோல் போயிற்று, கணுக்கால் வீங்கிற்று, உயிர் தப்பியது. ஷேக் பரீதின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. தாளில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த நாள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மிளகு சிவந்து உதிர்ந்தது, குருவிகளுக்கு விருந்து. பறிப்புக் காலத்தில் வேறு ஆள் எங்கே கிடைக்கும்? இவர்கள் வராவிட்டால் இந்த வருஷ வியாபாரம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஷேக் பரீத் சென்றாயன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"செம்மேட்டு வியாபாரிகிட்டச் சொல்லியாச்சுங்க பாய். திங்கக்கெழமையிலிருந்து அங்க போறோம்" என்றான் சென்றாயன்.

"நான் ஒரு வார்த்த தப்பாப் பேசலியேப்பா!"

உள்ளேயிருந்து பாவாயி வந்தாள். "அதானுங்க சொல்றோம். பேசியிருந்தா எம்பட பையன் உழுந்திருக்க மாட்டான். நீங்க ஏசறத இங்க எவன் மதிச்சான்? நூறு ஏச்சுக்கு நடுவுல 'ஏணி நவுருது, கால எடுடா'ன்னு ஒன்னு வரும். அதுக்காவத்தான் மிச்சத்தையெல்லாம் கேட்டுட்டுக் கெடந்தோம். மிச்சத்த நிறுத்துவீங்கன்னு பாத்தா, வேண்டியதப் போயி நிறுத்திப்புட்டீங்க."

"பயிற்சில அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க..."

"அவிய மரம் ஏறுனாங்களா?"

"இல்ல. நாற்காலில உக்காந்திருந்தாங்க."

"நாக்காலியிலிருந்து உழுந்தா ஒன்னும் ஆவாது சாமி. அங்க கேள்வி கேட்டுக்கலாம்."

சென்றாயன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். ஷேக் பரீத் சிரிக்கவில்லை. "நான் என்ன பண்ணோணும்னு நீயே சொல்லு பாவாயி" என்றார். முகாமுக்குப் போய் வந்த பிறகு, பதில் வேண்டுமென்று அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கீழ நின்னு கண்ண எடுக்காமப் பாக்கோணும். பாத்ததக் கத்தோணும். ஆனா பெத்தவள இழுக்கக்கூடாது. பத்து வருசமா எம்மகன் கால் வழுக்குனா ஏச்சு எனக்கு. மரத்துல ஏறுனது நானா?"

ஷேக் பரீதுக்கு உண்மையிலேயே குழப்பம். "அது இல்லாம எப்படி ஆரம்பிக்கறது?"

"பேரச் சொல்லி ஆரம்பிங்க."

திங்கட்கிழமை ஆட்கள் அவர் தோட்டத்துக்கே வந்தார்கள். வேல்முருகனுக்குப் பதில் சின்னக்கண்ணு ஏறினான். ஏறி முடிப்பதற்குள் மூங்கில் ஒரு பக்கம் சாய்ந்தது.

"டேய் சின்னக்கண்ணு! உங்கொம்மா..."

பாவாயி மிளகு பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஷேக் பரீத் இருமினார், எச்சில் விழுங்கினார், முகம் சிவந்தது.

"கெளைய புடி! மூங்கில் எடப்பக்கம் சாயுது, கால வலப்பக்கம் மாத்துடா!"

சின்னக்கண்ணு மாற்றினான். பாவாயி மறுபடியும் குனிந்தாள்.