மஞ்சள் கட்டம் போட்ட உறை

இது நடந்தது. நடு ராத்திரியில் இல்லை, சுடுகாட்டுப் பக்கம் இல்லை. புதன்கிழமை மதியம் 2:35-க்கு, ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது. நான் பயந்தாங்கொள்ளி கிடையாது. கையில் ஸ்பேனரோடு பதினொரு வருஷம் ஓட்டியவள். நம்பாவிட்டால் போங்கள். ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய வீல்சேர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஒரு வீட்டில் யாராவது குணமாகிவிட்டாலோ, இறந்துவிட்டாலோ, அவர்கள் வைத்திருந்த சேர், வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் எங்கள் மையத்துக்கு வரும். கழுவி, பிரேக் மாற்றி, தேவைப்படுகிறவரின் உடம்புக்கு அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்க வேண்டும்.

கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கொடுத்தோம் என்று சொல்லவில்லை.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் போட்டோ சார். சேர் தயாரானதும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, டேப் ஒட்டி, ஸ்டோர் ரூமில் நிறுத்தச் சொல்வார். பெரிய மனிதர் ஒருவர் வந்து மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெரிய மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை. விழா மூன்று முறை தள்ளிப்போனது. ஸ்டோரில் இருபத்து மூன்று சேர்கள் சும்மா நிற்கின்றன. இருபத்து மூன்று பேர் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பதினேழாம் நம்பர் சேர், தையல் அக்காவுக்கு. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நாள் முழுக்க மர ஸ்டூலில் உட்கார்ந்து, கையால் சுற்றும் மெஷினில் தைப்பார். அளவெடுக்கப் போனபோது பார்த்தேன், உட்காரும் இடத்தில் கட்டை விரல் அகலத்துக்குப் புண். அதனால் சேரில் காற்று மெத்தை வைத்தேன். இடது கால் சற்றுக் குட்டை என்பதால், கால் வைக்கும் பலகையில் இடது பக்கத்தை மட்டும் இரண்டு இஞ்ச் உயர்த்தினேன்.

"மெத்தை அளவைச் சொல்லு, மெக்கானிக்கு. உறை நானே தைச்சுக்கறேன். உங்க ஆபீஸ் உறை சாக்கு மாதிரி இருக்கும்."

"பதினாறுக்குப் பதினெட்டு இஞ்ச், அக்கா."

"மஞ்சள் கட்டம் போட்ட துணி இருக்கு. ஓரத்துக்குப் பச்சை. வண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

வண்டி வரவில்லை. ஒன்பது வாரம். வாராவாரம் ஃபோன் செய்வார். "என்ன மெக்கானிக்கு, என் வண்டி புறப்பட்டுச்சா?" முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு புண் பெரிதாகிவிட்டது என்றார். போட்டோ சாரிடம் சண்டை போட்டேன். "ஒருத்தருக்கு முன்னாடியே குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றார். ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. திறந்து தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கடைசியில் பதில் சொல்ல வெட்கப்பட்டு, அக்காவின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் விழா. பிளாஸ்டிக் மேல் படிந்த தூசியைத் துடைக்க ஸ்டோருக்குள் போனேன்.

2:35.

டக்.

பிரேக் போடும் சத்தம். அதை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன். திரும்பினேன். யாரும் இல்லை. எல்லாச் சேரும் சுவரைப் பார்த்து நின்றன. நான்தான் அப்படி நிறுத்தியிருந்தேன். பதினேழு மட்டும் கதவைப் பார்த்து நின்றது.

எலி என்று நினைத்தேன். எலி வீல்சேரைத் திருப்புமா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எலிதான் ஞாபகம் வரும்.

2:38. பதினேழைத் துடைத்தேன். பிளாஸ்டிக் தெளியவில்லை. வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. மறுபடி துடைத்தேன். ஈரம் உள்பக்கம்...

டேப் ஒரு இடத்திலும் பிரியவில்லை.

வெள்ளை கூடியது. குறைந்தது. கூடியது...

மூச்சு விடுவதுபோல.

கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தேன். நான் வைத்தது கறுப்பு மெத்தை. உள்ளே தெரிந்தது மஞ்சள் கட்டம். ஓரத்தில் பச்சை.

2:41.

உஸ்ஸ்ஸ்...

மெத்தை அமுங்கியது. மெதுவாக.

இடது பலகை ஆடியது.

டக்.

பிரேக் விடுபட்டது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. போட்டோ சாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மணி 2:50. அவர் குனிந்து பார்த்தார்.

"உறை யாரு போட்டது? நல்லாருக்கே. போட்டோவுல பளிச்சுன்னு இருக்கும்."

அவ்வளவுதான். என் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. கத்தியை எடுத்துப் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன்.

"ஏய், நாளைக்கு விழா!"

"மேடையில வேணா நீங்க உக்காருங்க சார். இது அக்காவோடது."

தெருவில் இறங்கித் தள்ளினேன். காலி சேர். பதினைந்து கிலோ இருக்கும். மேடு இல்லாத தெரு. எனக்கு மூச்சு வாங்கியது. ஆள் உட்கார்ந்த சேரின் கனம் எனக்குத் தெரியும். யாரும் இல்லை என்று கண் சொன்னது. கை ஒப்புக்கொள்ளவில்லை.

3:30. தையல் அக்கா வீட்டு வாசல்.

கனம் போய்விட்டது. சட்டென்று. சேர் என் கையை விட்டு ஓடி, படியில் இடித்து நின்றது.

சத்தம் கேட்டு அக்காவின் தங்கை வெளியே வந்தாள். சேரைப் பார்க்கவில்லை. உறையைத்தான் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எப்படி... உங்ககிட்ட?"

"அக்கா எங்கே?"

"புண்ணு சீழ் பிடிச்சு உள்ள இறங்கிடுச்சு. போன செவ்வாய்க்கிழமை போயிட்டா. அவ ஃபோன்லேர்ந்து உங்களுக்கு நாலு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கல."

நாலு அழைப்பு. பார்த்தேன். விழாத் தேதி கேட்கத்தான் என்று விட்டுவிட்டேன். போட்டோ சாரைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்கிறேன். தீரவில்லை.

தங்கை உறையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"முந்தின நாள்தான் தைச்சு முடிச்சா. வண்டிதான் வரல, இதாவது அவகூடப் போகட்டும்னு... தலைக்கு அடியில வச்சுத்தான் புதைச்சோம்."

நான் உறையைப் புரட்டிப் பார்த்தேன்.

பச்சை ஓரத்தின் மடிப்புக்குள் மண் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.