ஆயிரம் கிலோமீட்டருக்கு பானட்டைத் திறக்கக் கூடாது

கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர் ஹனீபா. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் பானட்டைத் திறப்பது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் டீ. ஜீப்பை விற்றுவிட்டுச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்க்க ஆரம்பித்த பிறகு, பார்ப்பதற்குக் கம்பி இல்லாமல் காலையில் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாராம். அவர் மனைவி மதீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எதிர்வீட்டுக்காரன்.

போன வருடம் புதுக் கார் வாங்கினார். வழி சொல்லும் கார். பெல்ட் போடாவிட்டால் அதட்டும், பின்னால் எடுத்தால் அலறும், கதவு சரியாகச் சாத்தவில்லையென்றால் ஊரைக் கூட்டும். இவ்வளவு வாய் உள்ள கார், தான் ஆயில் குடிப்பதைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஹனீபாவின் கம்பிதான் அதைக் காட்டிக்கொடுத்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. ஆனால் முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

தேனியில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே அட்வைசர், சுபாஸ்ரீ என்ற இருபத்தாறு வயதுப் பெண். மரியாதை தெரிந்த பெண், கோபமே வராது. கோபம் வருகிறவர்கள் எல்லாரும் மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்.

"புது எஞ்சின் கொஞ்சம் ஆயில் எடுக்கத்தான் செய்யும் சார். நார்மல்தான்."

"கொஞ்சம்னா எம்புட்டு ஆத்தா?"

"ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் நார்மல் சார்."

"இது மூணு லிட்டரு குடிக்குது."

சுபாஸ்ரீ கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சில பேர் வண்டி மேட்டுல நிக்கும்போது பாத்துருவாங்க சார். அளவு தப்பாக் காட்டும். வயசானவங்களுக்குக் கம்பியில கோடு சரியாத் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

ஹனீபா தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். எஞ்சின் மாற்றித் தருவது இரண்டாவது சங்கதி ஆகிவிட்டது. கம்பி பார்க்கத் தெரியாதவன் என்று ஒரு மேசை சொல்லிவிட்டது. இல்லை, நீங்கள் பார்த்தது சரிதான் என்று அதே மேசை சொல்லியாக வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வேறு பேச்சே பேசவில்லை.

அதற்கும் கம்பெனியில் வழி வைத்திருந்தார்கள். ஆயிலை முழு அளவுக்கு நிரப்பி, மூடியிலும் கம்பியிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி சீல் வைப்பார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கொண்டுவர வேண்டும். அதுவரை பானட்டைத் திறக்கக் கூடாது, ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. மீறினால் டெஸ்ட் செல்லாது.

முப்பது நோன்பையும் முகம் சுளிக்காமல் பிடிக்கிற மனிதர், இந்த நோன்பில் மூன்றாம் நாளே ஆடிப்போனார். காலையில் தெருக்கோடியில் நிற்கும் அடுத்தவன் டிராக்டரின் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு வந்து டீ குடித்தார். கிலோமீட்டர் சேர வேண்டுமே என்று, கேட்டவர்களையெல்லாம் காரில் ஏற்றினார். தேவதானப்பட்டியில் காதுகுத்து, உத்தமபாளையத்தில் பல் டாக்டர், சும்மா ஒரு சுருளி அருவி. எங்கள் தெருவே அந்த எஞ்சினின் கோளாறில் ஊர் சுற்றியது. அதில் எண்பது கிலோமீட்டர் என்னுடையது, ஒளிப்பானேன்.

அறுநூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜீப் ஸ்டாண்டில் காரை நிறுத்தி, சாவியைப் பழைய கூட்டாளி கருத்தக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. மலை ஏறப்போகிற வண்டியில் ஆயில் குறைந்திருந்தால், கண்ணில் பட்டவன் ஊற்ற வேண்டும். யார் வண்டி, எவன் கேட்டான் என்ற பேச்சே கிடையாது. தொழுதுவிட்டு வந்தவரிடம் கருத்தக்கண்ணன் பெருமையாகச் சொன்னார்:

"மாமா, கம்பில பாதிகூட இல்ல. நீயா இப்பிடி விட்டுட்டுத் திரியிற? ரெண்டு லிட்டரு ஊத்திட்டேன். எவனோ சிவப்பு ஸ்டிக்கரு வேற ஒட்டி வச்சிருந்தான், சொரண்டி எறிஞ்சுட்டேன்."

ஹனீபாவால் திட்டவும் முடியவில்லை. ஸ்டாண்டில் அந்தச் சட்டத்தைப் போட்டதே அவர்தான்.

"சீல் உடைஞ்சிருக்கு சார்" என்றாள் சுபாஸ்ரீ, கோபமே இல்லாமல். மறுபடி நிரப்பி, மறுபடி ஒட்டி, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தார்கள். தெரு சந்தோஷப்பட்டது.

இந்தத் தடவை எண்ணூற்றுப் பன்னிரண்டில் வந்தது வினை. நெடுங்கண்டத்தில் மதீனாவின் அக்கா பேத்திக்கு நிக்காஹ். பின்சீட்டில் மதீனாவும் சீர்ப் பாத்திரங்களும், முன்சீட்டில் பிரியாணி நினைப்பில் நான். கம்பம்மெட்டு ஏற்றத்தில் நாலு வளைவு தாண்டியதும், திரையில் சிவப்பாக எண்ணெய்க் குடுவைப் படம் எரிந்தது. ஹனீபா அந்த நொடியே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

பின்னாலேயே கருத்தக்கண்ணனின் ஜீப் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் கை தானாக ஆயில் கேனுக்குப் போனது, பாதியில் நின்றது.

"ஊத்தவா மாமா?"

"ஊத்துனா எஞ்சினு பொழைக்கும், நான் பாத்தது பொய்யாப் போகும். ஊத்தாம ஓட்டுனா எஞ்சினு செத்துரும்."

"ஏங்க, நிக்காஹுக்குப் போறமா, இல்ல இங்கனயே நின்னு கம்பெனிக்கு நிரூபிக்கிறமா?" என்றார் மதீனா. சொன்னவர் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, கருத்தக்கண்ணனின் ஜீப்பிலிருந்த ஆட்களோடு அடுத்து வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"மாப்ள, கயித்தக் கட்டு. தேனிக்கு இழு" என்றார் ஹனீபா.

இருபத்தெட்டு வயது ஜீப், எட்டு மாதக் காரை இழுத்துக்கொண்டு மலை இறங்கியது. எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இருக்கும். ஹனீபா இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக் கூடாதென்று சாவியைத் திருப்பி வைத்திருந்ததால் கார் வழக்கம்போல வழி சொல்லிக்கொண்டே வந்தது. எனக்குப் பிரியாணி போன துக்கம்.

சர்வீஸ் சென்டரில் சுபாஸ்ரீ மீட்டரைப் பார்த்தாள். "எண்ணூத்தி அறுவத்தஞ்சுதான் சார் ஆகியிருக்கு. இன்னும் நூத்தி முப்பத்தஞ்சு ஓட்டணும்."

"ஆயிலு இல்லாமயா?"

"ஊத்துனா டெஸ்ட் செல்லாது சார்."

"ஊத்தாம ஓட்டுனா?"

"எஞ்சின் போயிரும் சார். ஆயில் இல்லாம ஓட்டிப் போனா வாரண்டி வராது." சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். முதன்முறையாக முகம் சிவந்தது. "ரூல் அப்படித்தான் இருக்கு சார்" என்றாள் மெதுவாக.

ஹனீபா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, மெட்டுல வண்டிய நிப்பாட்டும்போது எம்புட்டு?"

"எண்ணூத்திப் பன்னெண்டு" என்றார் கருத்தக்கண்ணன்.

"இப்ப எண்ணூத்தி அறுவத்தஞ்சு. எஞ்சினு ஓடல. மீட்டரு ஓடியிருக்கு."

மறுநாள் காலை கருத்தக்கண்ணன் அந்தக் காரைத் தேனியிலிருந்து கம்பத்துக்கு இழுத்துப்போய், கம்பத்திலிருந்து தேனிக்கு இழுத்துவந்தார். பற்றாததற்கு தேவதானப்பட்டி வரை போய்த் திரும்பினார்கள். சின்னமனூரில் ஒருவர் மெனக்கெட்டுக் கேட்டார்: "புதுக் காரா? மைலேஜு எம்புட்டுத் தருது?" இழுத்த தூரத்தில் கார் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பது கம்பெனிக்குத்தான் லாபம். அதையும் ஹனீபா கணக்கில் விட்டுக்கொடுத்தார்.

ஆயிரத்து ஒன்றில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வழவழவென்று சிமெண்ட் போட்ட சமதரை. சீல் அப்படியே இருந்தது. சுபாஸ்ரீ ஸ்டிக்கரைப் பிரித்து, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வண்டி மேட்டுல நிக்கலையே ஆத்தா?"

"இல்ல சார்."

"கோடு தெரியிதா?"

"தெரியுது சார்."

"அப்ப சத்தமாச் சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். மெக்கானிக்குகள் கை வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். "கம்பியில ஆயிலே இல்ல சார். நீங்க பாத்ததுதான் சரி" என்றாள். பிறகு படிவத்தை எடுத்து, எஞ்சின் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஹனீபா அந்தப் படிவத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. அவளிடமிருந்து கம்பியை வாங்கி, துடைப்பதற்கு ஒன்றுமே இல்லாத அதைத் துணியால் நன்றாகத் துடைத்து உள்ளே செருகினார். பானட்டை இறக்கி மூடினார்.

"வா ஆத்தா, டீ குடிப்போம்" என்றார்.