ஏலக்காய் மணத்த தோசையும் ஏழாம் கேள்வியும்

நாற்பத்து நாலு வயதில் நான் திருமணத் தயாரிப்பு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, புருஷனைப் பறிகொடுத்து எட்டு வருஷமான எனக்கு இனி என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். சர்டிபிகேட் இல்லாமல் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது என்றுவிட்டார். பக்கத்து நாற்காலிப் பெண் நான் பெண்ணின் அம்மாவா, மாப்பிள்ளையின் அம்மாவா என்று விசாரித்தாள். பெண்ணே நான்தான் என்றதும், பாவம், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள்.

மாப்பிள்ளை மலைக்குக் கீழே சமவெளியில் உள்ள எலப்புள்ளிக்காரர். மனைவியை இழந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். என் வாழ்க்கைக்குள் அவர் வந்தது கிரைண்டர் ரிப்பேர் பார்க்க.

அவர் போனபிறகு, அதாவது முதல் புருஷன் போனபிறகு, நான் ஏலக்காய் தரம் பிரித்துப் பிழைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அதை விட்டுவிட்டு வண்டன்மேட்டில் தோசை மாவு விற்கத் தொடங்கினேன். எங்கள் மலைக் குளிரில் மாவு லேசில் புளிக்காது. மூளையைக் கசக்கி, பழைய தோழிகளைத் தாஜா பண்ணி, ஏலக்காய் காயவைக்கும் அறையின் சூடான சுவரோரம் மாவு வாளிகளை வைத்தேன். மாவு நன்றாகப் பொங்கியது. ஆனால் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் தோசை பாயசமாக மணந்தது. வாசலுக்கே வந்து சண்டை பிடித்தார்கள். அந்த வாரம் பார்த்துக் கிரைண்டரும் நின்றது. கம்பெனி இவரை அனுப்பியது. மரியாதைக்கு இரண்டு தோசை வைத்தேன்.

"ஏனுங்க, இதுக்குச் சட்னி வேண்டாமுங்க. பாயசத்துக்குத் தொட்டுக்கற மாதிரி ஒரு பப்படம் இருந்தாப் போதுமுங்க" என்றார்.

கோபம் வந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது.

ஒரு பெல்ட் மாற்ற அந்த மனிதர் நாலு பஸ் மாறி மூன்று தடவை மலையேறினார். மூன்றாம் தடவை கிரைண்டரைத் திறக்கவே இல்லை. பல்பு மாட்டிய மரப்பெட்டி ஒன்றைச் செய்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் வைத்தால் மாவு கதகதப்பாகப் புளித்தது, மணக்கவும் இல்லை. இதற்குப் பிறகும் ஒரு பெண் எப்படி மாட்டேன் என்று சொல்வாள்?

ஒரே ஒரு பயம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எலப்புள்ளிக்கு வா என்று சொல்லிவிட்டால்? அந்த வெயிலில் மாவு மதியத்துக்குள் பொங்கி வழிந்துவிடும் என்பது நான் வைத்திருந்த சாக்கு. உண்மை வேறு. இந்த மாவுத் தொழில் நானாக யோசித்து நானாகத் தொடங்கியது. பத்தொன்பது வயதில், எந்த எஸ்டேட், எந்த லயத்தில் குடித்தனம் என்று எல்லாரும் பேசி முடித்துவிட்டு, என்னிடம் துணிமணியை எடுத்துவைக்க மட்டும் சொன்னார்கள். இன்னொரு தடவை அப்படிக் கிளம்ப எனக்கு மனசில்லை. அதை இவரிடம் வாய்விட்டுச் சொல்லத் தைரியமும் இல்லை.

கடைசி நாள் வகுப்பெடுத்த சிஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஜோடிகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னார். ஏழாவது கேள்வி, திருமணத்துக்குப் பின் எங்கே குடியிருப்பீர்கள்? நான் வண்டன்மேடு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது. சிஸ்டர் எல்லார் பதிலையும் சத்தமாக வாசித்தார், என் இரண்டு கோட்டையும் விடாமல். இவர் தாளில் ஏழாவது இடம் காலியாக இருந்தது.

இளவட்டங்கள் சிரித்தார்கள். எலப்புள்ளி என்று எழுதக் கூச்சப்பட்டுக் காலியாக விட்டிருக்கிறார் என்றே நினைத்தேன். டீ குடிக்க விட்டபோது அவரை மடக்கி, ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"உங்களக் கேக்காம எப்படீங்க எழுதறது? கேட்டுப்போட்டு எழுதிக்கலாமுன்னு உட்டுட்டனுங்க" என்றார்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இருபத்தைந்து வருஷமாகப் புலம்பியவள் நான். அந்த இரண்டு கோட்டைப் போட்டபோது இவரை நானும்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் மேல் கொள்ளை ஆசையாகவும் இருந்தது.

"இந்தக் குளிரு உங்களுக்கு ஒத்துக்கிடுமா?" என்று கேட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாக யோசித்தார். "கிரைண்டர் எல்லா ஊர்லயும் கெட்டுப்போகுமுங்க, எனக்கு வேலைக்குக் கொறையில்ல. குளிருக்கு, மாவுக்குப் பண்ணுன மாதிரி எனக்கும் ஒரு பொட்டி பண்ணிக்கறனுங்க."

பிறகு சிஸ்டரிடம் போய்த் தன் தாளைத் திருப்பி வாங்கி, ஏழாவது இடத்தில் வண்டன்மேடு என்று எழுதினார். அடியில் கோடு எதுவும் போடவில்லை.