ஓலைக்குள் போன பூனை

பூனைக்குட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் கோட்டுப் பையில். அந்தக் கோட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் கடைசியில் மாட்டிக்கொண்டது அதுதான். காலேஜில் சேர்ந்தபோது நைனா தைத்துக் கொடுத்தது. சாம்பல் நிறம், மூன்று பொத்தான், உள்பக்கம் பட்டு மாதிரி வழவழவென்று ஒரு துணி. ராயபுரத்தில் எங்கள் தெருவில் கோட்டுப் போட்ட ஆள் நான் ஒருவன்தான். சித்திரை வெயிலில் வெந்து போனாலும் கழற்ற மாட்டேன்.

நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ரங்கூன் அரிசி வந்து இறங்கும் கிடங்கில், மூட்டை அடுக்கின் உச்சியில் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருந்தது. காலேஜ் லீவு நாளில் நைனாவுக்குச் சோறு கொண்டுபோன நான், திரும்பும்போது ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மஞ்சள் குட்டி, வால் நுனி மட்டும் வெள்ளை. டிராம் ரோட்டைத் தாண்டுவதற்குள் பையை நனைத்துவிட்டது. அந்தக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை.

தங்கைக்காகத்தான் கொண்டுவந்தேன். அவள் பெரியவளாகி அன்றோடு இரண்டு நாள். மாமன் வந்து பின்முற்றத்தில் பச்சைத் தென்னை ஓலையில் ஒரு குடிசை கட்டி அவளை உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தார். பதினோராம் நாள் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளேதான். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. யாரும் தொடக்கூடாது. காலையில் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி. சாயங்காலம் உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை.

"ண்ணா," என்று ஓலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்தப் பக்கம் நூத்திப் பதினாலு ஈர்க்கு கீது. அந்தப் பக்கம் இன்னும் எண்ணிக்கினு கீறேன்."

"அத்த எண்ணி இன்னா பண்ணப் போற?"

"வேற இன்னா பண்றது? களி துன்னு துன்னு எனுக்குக் கொம்பு மொளைக்கப் போவுது."

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பூனை என்றால் உயிர். ஒன்று வளர்க்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள். நைனா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "நாய் கீற வூட்ல பூன இன்னாத்துக்கு? சாவறதுக்கா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்களிடம் இரண்டு நாய். கறுப்பு, செவலை என்று நிறத்தை வைத்தே கூப்பிடுவோம். கறுப்பு பெரியது, ஒரு காது கிழிந்தது. தினம் காலையில் நைனாவோடு துறைமுக கேட்டுவரை போய், சங்கு ஊதியதும் தானாகத் திரும்பிவரும். அது கூட வராமல் நைனா ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. செவலை அதில் பாதி உயரம், இரண்டு மடங்கு சத்தம். பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை ஒன்றை இவை இரண்டும் ஒரு பகல் முழுக்க முருங்கை மரத்திலேயே உட்காரவைத்த சரித்திரம் தெருவுக்கே தெரியும்.

ஆகவே நான் மூளையை உபயோகித்தேன். வீட்டில் நாய் நுழையக்கூடாத இடம் எது? ஓலைக் குடிசை. நைனா எட்டிப் பார்க்காத இடம் எது? அதே குடிசை. ஓலையை விலக்கி, தங்கையின் மடியில் குட்டியைப் போட்டேன்.

 மிக மெதுவாக, "ண்ணா, நீ நல்லா இருப்பே," என்றாள். என்னை அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

குட்டி வந்த முதல் நாள் இரண்டு நாய்களும் குடிசையைச் சுற்றி முப்பது தடவை வந்தன. செவலை கத்திய கத்தலில் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். கறுப்பு கத்தவில்லை. ஓலையில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்துவிட்டு, வாசலுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. 

இரண்டாம் நாள் செவலை மூக்கை ஈர்க்குக்கு நடுவே நுழைத்தது. உள்ளிருந்து ஒரு சின்ன மஞ்சள் பாதம் வந்து பட்டென்று ஒரு அறை விட்டது. செவலை போட்ட ஊளையில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

"யார்னா செத்துப் பூட்டாங்களா?"

"இல்ல, நாய்க்கு வவுத்து வலி," என்றேன்.

மூன்றாம் நாளிலிருந்துதான் விஷயம் மாறியது. தங்கைக்குக் களி சலித்துவிட்டது. அம்மா நகர்ந்ததும் ஒரு உருண்டையைக் குட்டிக்குப் போட்டாள். குட்டி அதை எண்ணெய் வழிய வழியத் தின்றது. மிச்சத்தை இரண்டாகப் பிட்டு ஓலைக்கு அடியில் தள்ளினாள். வெளியே நாய் இரண்டும் தின்றன. ஓலைக்கு இந்தப் பக்கம் இரண்டு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய், ஒரே களி, ஒரே நேரம். இப்படியே காலையும் மாலையும் நடந்தது. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு மிச்சம் வெக்காம துன்றா," என்று தெருவெல்லாம் பெருமையடித்தாள்.

இதை ஒரே ஒருத்தி கண்டுபிடித்தாள். எங்கள் தெருவுக்குச் சலவை செய்யும் அக்கா. வண்ணாரப்பேட்டையிலிருந்து கழுதையோடு வருவாள். குடிசையில் இருக்கும் பெண்ணுக்கு மாற்றுத் துணி கொடுப்பது அவள் வேலை. அவள் ஒருத்திதான் உள்ளே போய்வரலாம். ஐந்தாம் நாள் உள்ளே போனவள் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா கோட்டு தம்பி, உள்ள மஞ்சக் கலர்ல ஒண்ணு குந்திகினு கீது?"

"யாராண்டயும் சொல்லாதக்கா."

"நான் ஏன் சொல்றேன்?" என்று மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒன்பதாம் நாள் குட்டி குரலெடுத்துக் கத்தியது. நைனா குளித்துக்கொண்டிருந்தார். ஈரத் துண்டோடு வந்து நின்றார்.

"இன்னாடா அது?"

"பூனை, நைனா."

"எட்த்துனு போயி எங்கனா வுட்டுட்டு வா."

"எப்டி வுடுவான்?" என்று அம்மா சமையற்கட்டிலிருந்து கேட்டாள். "ஓலைக்குள்ள போனத வெளிய எடுக்கக் கூடாது. தண்ணி ஊத்தற அன்னிக்குப் பாயி, தட்டு, துணி எல்லாம் சலவைக்காரம்மாவுக்குப் போவும். இதுவும் அவளுக்குத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பூனைக்கு ஏதும்மா தீட்டு?"

"அப்போ தட்டுக்கு ஏதுடா தீட்டு? அத்த குடுக்கல? காலேஜி படிச்ச மூளை, வூட்ல அத்தினி எடம் கீறச்சே அத்த எங்க கொண்டாந்து வெச்சுது பாரு!"

காலேஜில் படித்த தர்க்கமெல்லாம் எடுத்து வீசினேன். அம்மாவிடம் ஒன்றும் எடுபடவில்லை. நைனா தலையைத் துவட்டிக்கொண்டே, "போவட்டும். என் பேஜாரு வுட்டுச்சு," என்று போய்விட்டார். ஓலைக்குள் தங்கை அழும் சத்தம் கேட்டது. வாய்விட்டு அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினோராம் நாள். மஞ்சள் நீர் ஊற்றி, புதுப் பாவாடை தாவணி கட்டி, தங்கையை வெளியே கொண்டுவந்தார்கள். அவள் இடுப்பில் குட்டி. ஒரு வாரக் களியில் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. மாமன் ஓலையைப் பிரித்துப் போட்டார். நாய்க்கும் பூனைக்கும் நடுவே இப்போது ஒரு ஈர்க்குகூட இல்லை.

குட்டி துள்ளித் தரையில் குதித்தது.  கறுப்பு எழுந்து வந்தது. குனிந்தது. தலை முதல் வால் நுனி வரை ஒரு மோப்பம். பிறகு குட்டியின் மூஞ்சியில் ஒட்டியிருந்த களியை ஒரே நக்காக நக்கியது. அந்த நக்கில் குட்டி உருண்டு விழுந்தது. எழுந்து கறுப்பின் முன்காலுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. செவலை மட்டும் அறை வாங்கிய மூக்கை ஞாபகம் வைத்து இரண்டடி தள்ளியே படுத்தது.

"தோ பார்ரா!" என்று மாமன் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை கைதட்டினாள். நைனா மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சலவைக்கார அக்கா வந்தாள். பாயைச் சுருட்டினாள், தட்டை எடுத்தாள், துணியை மூட்டை கட்டினாள். கடைசியில் குட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மூட்டைக்குள் வைத்தாள்.

"எங்கூட்ல எலி, ஊரார் துணியெல்லாம் கடிச்சு வெக்குது. அத்தினிக்கும் நாந்தான் பதிலு சொல்லிகினு கீறேன். சாமியே பாத்து அனுப்பிச்சுது," என்றாள்.

முறை அவளுடையது.  தங்கை உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கழுதை நடந்தது. கழுதையைக் கண்டால் தெருவையே இரண்டாக்கும் கறுப்பு, அன்று ஒரு சத்தம் போடாமல் அதன் பின்னாலேயே நடந்தது. எங்கே போகும், தெருமுனைவரை போய் வந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

வரவில்லை.

மறுநாள் காலை நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். கறுப்பு இல்லை. செவலை ஓடிவந்தது. "நீ போடா," என்றார். அப்படியே நின்றார். துறைமுகத்தில் சங்கு ஊதியது. சங்கு ஊதும் நேரத்தில் நைனா வீட்டில் நின்றதை நான் பார்த்ததே இல்லை.

"டேய் தொரை," என்றார். "கோட்ட மாட்டிகினு வா. நாயக் கூட்டியாரணும்."

வண்ணாரப்பேட்டையில் அவள் முற்றம் முழுக்கக் கொடி, கொடி முழுக்க வெள்ளைத் துணி. அதன் நிழலில் கறுப்பு படுத்திருந்தது. அதன் முதுகின்மேல் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. நைனா கூப்பிட்டார். கறுப்பு வாலை ஆட்டியது, எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். தலையைத் தூக்கிக் குட்டியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, தலையைக் கீழே வைத்துவிட்டது. நூறு ஆளை ஒரே குரலில் ஓடவைக்கும் மேஸ்திரிக்கு அது பெரிய அவமானம்.

"ராத்திரி சோறு வெச்சேன், தொடல," என்றாள் அக்கா. "கழுதய கட்டற எடத்துல கழுதயவே வுட மாட்டேங்குது."

நைனா தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பூனய..."

"பூனய?"

"நாய்க்கோசரம் கேக்கறேன். எனுக்கு ஒண்ணும் இல்ல."

"ஓலைக்குள்ளேர்ந்து வந்தத சும்மா திருப்பிக் குடுத்தா முறையா, அண்ணாத்தே? பதிலுக்கு ஒரு துணி வெக்கணும்." அவள் கண் என்மேல் வந்து நின்றது. "அப்பால எலிக்கு வழி சொல்லணும்."

எலிக்கு வழி சுலபம். கிடங்கில் இன்னும் மூன்று குட்டி இருந்தது. அன்றைக்கே ஒன்று கொண்டுவருவதாக நைனா சொன்னார். துணி என்றதும் தோளில் இருந்த துண்டை எடுத்தார்.

"துண்டு வாணாம். எம் புள்ளைக்குத் தை மாசம் கண்ணாலம். அந்தக் கோட்டு."

"அக்கா!" என்றேன்.

"ஏன் தம்பி, நாந்தான அத்த துவைக்கறேன்? உன்னியவிட எனுக்குத்தான் அத்தோட பழக்கம் ஜாஸ்தி."

நைனாவைப் பார்த்தேன். அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளி நான்தான். குட்டியைப் பைக்குள் போட்டதும் நான், ஓலைக்குள் விட்டதும் நான். எனக்கு அந்த மூக்கு உறிஞ்சும் சத்தம் ஞாபகம் வந்தது. மூன்று பொத்தானையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"பையில ஒரு கறை கீது," என்று கொடுத்தேன்.

"தெரியும். அத்த பண்ணவன் யாருன்னும் தெரியும்," என்றாள்.

நைனா குட்டியைத் துண்டில் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கறுப்பு உடனே எழுந்து உடம்பை உதறி முன்னால் நடந்தது. வழியில் இரண்டு பேர் கேட்டார்கள், "இன்னா மேஸ்திரி, கையில இன்னா?" இரண்டு பேரிடமும், "நாயோட சாமான்," என்றார்.

தங்கை கண்டதும் ஓடிவந்து குட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். கறுப்பின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செவலைக்கும் ஒரு முத்தம் கிடைத்தது. கோட்டில்லாமல் நின்ற எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ண்ணா, கோட்டு எங்க?"

"துவைக்கப் போட்டேன்."

தை மாதம் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்குக் கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு தொந்தரவு. மூன்றும் களியைத் தவிர வேறெதையும் ஒழுங்காகத் தின்பதில்லை. மீன் போட்டாலும் மோந்து பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கின்றன. ஆகையால் வாரம் இரண்டு தடவை உளுந்து ஆட்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் களி கிளறுகிறாள். வாசனை தெருமுனை வரை போகும். போன வாரம் எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏம்மே, மறுபடியும் களி வாசன வருதே, உங்கூட்ல இப்போ யாரு குந்திகினு கீறாங்கோ?"

நைனா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மடியில் மஞ்சள் பூனை. நிமிராமலே சொன்னார்: "நாங்கோ எல்லாருந்தான்."