ரெண்டு வெயில் காய்ந்த நூல்

மூன்று வாரங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஏழு கல்யாணங்களைக் குப்பையில் போட்டேன்.

பதறாதீர்கள். கல்யாணப் பத்திரிகைகள்தான். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு நான் பதறிய பதற்றம் இருக்கிறதே...

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிராஸ் ஸ்டிச் பைத்தியம் தெரியும். கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள துணியில், கலர் கலர் நூலால் குட்டிக் குட்டிப் பெருக்கல் குறி போட்டே ஒரு படத்தைக் கொண்டுவருகிற வேலை. கழுத்து வலிக்கும், கண் எரியும், மனசு மட்டும் லேசாகும்.

இதில் பெரிய தலைவலி தையல் இல்லை, நூலைப் பத்திரப்படுத்துவதுதான். ஒரு படத்துக்கு முப்பது நாற்பது கலர் வேண்டும். ஒவ்வொரு நூல் கண்டிலும் ஒரு காகிதப் பட்டை, அதில் ஒரு நம்பர். அந்தப் பட்டை கழன்றால் போச்சு. பழுப்பில் மட்டும் எத்தனை பழுப்பு! எது எந்த நம்பர் என்று சாயம் போட்டவருக்கே தெரியாது.

என் நூலெல்லாம் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் இருந்தது. இருந்தது என்ன... சிக்கிக் கிடந்தது. போன வருஷம் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வசந்தி வந்து கூடையை இறக்கினாள். காசிமேட்டில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வந்து, எங்கள் திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வாய் மட்டும் பெரியது.

"இன்னாக்கா இது, வலைல நண்டு மாட்னா மாதிரி கீது?"

"நூல் வசந்தி. கிராஸ் ஸ்டிச்சுன்னு ஒரு தையல்..."

"தெரியுது. நானும் போட்டுக்கினுதான் கீறேன். அதுக்குன்னு நூல இப்டியா வெப்பாங்க?"

மீன் விற்கிறவள் கிராஸ் ஸ்டிச்சா என்று ஒரு விநாடி மனசுக்குள் ஓடியது. அந்த ஒரு விநாடிக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். ஏன், பத்திரிகையில் எழுதுகிறவள் மட்டும்தான் போட வேண்டுமா?

மறுநாள் தன் டப்பாவை எடுத்து வந்து காட்டினாள். நான் அசந்துபோனேன்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஒரு கீறல் போட்டு, அதில் நூலைச் சுற்றி வைத்திருந்தாள். ஓர் அட்டையில் 'சுற்றமும் நட்பும் சூழ' தெரிந்தது. இன்னொன்றில் பாதி மாப்பிள்ளை பெயர். பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான மூடி, உள்ளே நாலு சாக்பீஸ். எதற்கு என்று கேட்டேன்.

"கடக்கர காத்துக்கா. தகர டப்பால வெச்சா துரு புடிச்சி நூல்ல எறங்கிடும். சாக்பீஸு ஈரத்த இஸ்துக்கும்."

எண்ணூர்ப் பக்கம் இத்தனை வருஷம் காற்றைக் குடித்தவள் நான். ஊசி துருப்பிடித்துத் துணி பாழாகும்போதெல்லாம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் எனக்குத் தோன்றவே இல்லை.

அதைவிடப் பெரிய அதிசயம் அந்த அட்டைகளில் எழுதியிருந்தது. நம்பர் இருந்தது, நம்பருக்குக் கீழே ஒரு மீனும் இருந்தது. நீலச் சாம்பலுக்கு 'வஞ்சிரம் முதுகு'. ரோஸுக்கு 'சங்கரா'. வெள்ளிச் சாம்பலுக்கு 'வவ்வால்'. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் மங்கலாக இன்னொன்று – 'நேத்து வவ்வால்'.

"அதென்ன நேத்து வவ்வால்?"

"இன்னிக்கி வவ்வாலுக்கு ஒரு மினுக்கு இருக்கும்க்கா. ஒரு நாளு போச்சுன்னா மங்கிடும். இந்த நூலப் பாரு, மங்கல?"

"அப்போ போன வாரம் எனக்குக் கொடுத்தியே, அது?"

"அத்த வுடு."

பழுப்பு நிறங்கள் எல்லாம் கருவாடு. அதிலும் கணக்கு உண்டு. மணலில் மீன் எத்தனை நாள் காய்ந்ததோ அத்தனை 'வெயில்' என்பது அவர்கள் பேச்சு. இளம் பழுப்பு 'ஒரு வெயில்'. அடுத்தது 'ரெண்டு வெயில்'. அப்படியே 'நாலு வெயில்' வரைக்கும்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நம்பர்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"ஈரத்துல இங்கி ஓடிப்பூடும். மூணா எட்டான்னு தெரியாம பேஜாரு. மீனு மறந்துடுமா?"

அவள் அப்போது போட ஆரம்பித்திருந்தது ஒரு போட்டோ. வசந்திக்குப் பத்து வயது, தங்கை சுதாவுக்கு ஆறு. ஒரே துணியில் தைத்த பாவாடை சட்டையில், ஸ்டூடியோ திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறார்கள். ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்தப் போட்டோவைக் கட்டப் படமாக மாற்றி பிரிண்ட் எடுத்திருந்தாள். எந்தக் குறிக்கு எந்த நம்பர் நூல் என்ற பட்டியல் அதன் ஓரத்தில் அச்சாகியிருந்தது. அங்கேயும் நம்பர்களுக்குப் பக்கத்தில் பேனாவால் மீன் பெயர்.

காட்டுப்பள்ளியில் கட்டிக்கொடுத்த அந்தச் சுதாவோடு வசந்திக்கு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். சுதா பையனுக்குக் காதுகுத்து. வாசலில் வைத்த பேனரில் மாமன், மச்சான், மச்சானின் தோஸ்து, அந்த தோஸ்தின் நாய்க்குட்டி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா படம் மட்டும் இல்லை. பேனர் கடையில் விட்டுப்போச்சு என்றாள் தங்கை. மனசுலேயே விட்டுப்போச்சு என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

இப்போது சுதா புது வீடு கட்டிவிட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். கையில் இந்தப் படத்தோடுதான் போவேன் என்று வசந்தி ராப்பகலாகத் தைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, தங்கை முகம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக் கூரை ஷீட் மாற்ற வேண்டியதாயிற்று.

"ஒரு வாரம் உங்கையில இருக்கட்டும்க்கா. வூடெல்லாம் ஒரே தூசு." நூல் டப்பாவையும் அந்தக் கட்டப் படத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கொடுத்தவள் மேல் தப்பில்லை. வாங்கியவள் சும்மா இருந்திருக்க வேண்டும்!

திறந்து பார்த்தேன். பச்சைக்குப் பக்கத்தில் கறுப்பு, அதன் மேல் ரோஸ். பாவம், அடுக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். அது மீன் கூடை அடுக்கு, அடுத்துக் கை போவது எதுவோ அதுதான் மேலே இருக்கும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. ஆன்லைனில் முப்பத்தாறு அறை உள்ள கண்ணாடி மாதிரிப் பெட்டி வரவழைத்தேன். கூடவே வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் பாபின்கள். ராத்திரி ஹால் லைட்டைப் போட்டு உட்கார்ந்து, எல்லா நூலையும் அட்டையிலிருந்து பாபினுக்கு மாற்றி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரைக்கும் வரிசையாக அடுக்கினேன். இரண்டு பழுப்பு ஒரே கலராகத் தெரிந்தது. எதற்கு இரண்டு பாபின் என்று ஒன்றின் மேலேயே இன்னொன்றையும் சுற்றினேன். நம்பர்? பெட்டிக்கு ஸ்டிக்கர் தனியாக வரும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம்... விடிந்ததும் அட்டைகளைக் குப்பையில் போட்டேன். பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வந்தது, அள்ளிக்கொண்டு போனது.

பதினோரு மணிக்கு வசந்தி வந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் ஐந்து நாள். நான் பெருமையாகப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். "எப்படி?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அட்ட எங்கக்கா?"

"பழைய பத்திரிகைதானே வசந்தி..."

"ஏழு கல்யாணத்தக் குப்பைல போட்டுட்டியா!" என்று சிரித்தாள். அப்புறம் அந்தப் பழுப்பு பாபினை எடுத்தாள். சிரிப்பு நின்றது. "இத்த யாரு ஒண்ணா சுத்துனது?"

நான்தான் என்று கையைத் தூக்கினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதாங்க்கா சுதா மூஞ்சி. ஒரு இய மாறுனாலும் கறுத்துப்பூடும். பேனருக்குப் பழி வாங்கிட்டா எங்கக்கான்னு ஊரு பூரா சொல்லுவா. இனிமே ஜென்மத்துக்கும் பேச மாட்டா."

புது நூல் வாங்கித் தருகிறேன் என்றேன். பழைய நூலின் சாயமும் புது நூலின் சாயமும் ஒரே நம்பரிலேயே ஒத்துப்போகாது என்பது தையல்காரி எனக்கே தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து வசந்தி எழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், காம்பவுண்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்தாள்.

"லைட்டு வெளிச்சத்துல மீனு வாங்குறவ ஏமாந்துடுவாக்கா. நூலுக்கும் அதான்."

ஒவ்வொரு பாபினாக எடுத்தாள். "வஞ்சிரம் முதுகு... காணாங்கத்த... இது கறுப்புன்னு வெச்சிருக்கியே, கறுப்பில்ல, கடம்பா மை, கணவா கக்குமே அது..." எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது அந்த நிழலில் கருநீலமாக மாறியது. அவள் மீனைச் சொல்ல, படத்தின் ஓரத்தில் இருந்த பட்டியலைப் பார்த்து அந்த மீனின் நம்பரை நான் சொல்ல... அடக் கடவுளே, எந்தப் பெயர்களைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேனோ, அவைதான் இப்போது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன! நம்பரை மட்டும் நம்பியிருந்தால் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதிருப்போம்.

கடைசியாக அந்தப் பழுப்பு பாபின். நூலை மெதுவாக உருவிக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க வெட்டு."

"முடிச்சு எதுவும் இல்லையே வசந்தி, ஒரே நூல் மாதிரிதான்..."

"ரெண்டு முனையும் பக்கத்துல வெச்சி சுத்திகீற. இங்கதான் ரெண்டு வெயிலு முடியுது. வெட்டு."

வெட்டினேன். இரண்டு நூலையும் தன் கையின் மேல் வைத்தாள். புறங்கையில் வைத்தபோது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கையைத் திருப்பி, முழங்கைக்கு உள்பக்கமாக வைத்தாள். ஒரு நூல் அவள் தோலோடு கலந்து காணாமலே போய்விட்டது. மற்றொன்று கோடு போட்டதுபோல் தெரிந்தது.

"காணாப்போச்சே, அதான் ஒரு வெயிலு. சுதா கலரு. இங்க வெயில் படல பாரு... நானும் சின்னதுல இந்தக் கலருதான். அவ ஸ்கூலுக்குப் போனா, நான் அம்மாகூட மீன் கூட தூக்குனேன். அந்த போட்டோ எடுக்கும்போதே எனுக்கு மூணு வெயிலு ஏறிப்போச்சு."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மீன் விலை சொல்கிற அதே குரல். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. தன் கையிலேயே தங்கையின் நிறத்தை வைத்துக்கொண்டு நாலு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறாளே இந்தப் பெண்!

தண்டனை இல்லாமல் விட்டாளா? என் வீட்டில் இருந்த பத்திரிகைகளை எல்லாம் வெட்ட வைத்தாள். "எயுதறவதானே நீ, எயுது" என்று பேனாவைக் கொடுத்தாள். முப்பத்தேழு அட்டை எழுதினேன். ஒரே ஒரு வெளிறிய மஞ்சளுக்கு மட்டும் பழைய அட்டையில் வெறும் நம்பர்தானாம், அதற்குத் தோதான மீன் கிடைக்கவில்லையாம். கொஞ்சம் யோசித்தாள். "அட்ட எங்கன்னு நான் கேட்டப்ப உம்மூஞ்சி இந்தக் கலராதான் ஆச்சு. 'யக்கா மூஞ்சி'ன்னு எயுது." எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். "நீயும் வா. எதுனா ஏடாகூடமாச்சுன்னா உம்மேல போட்டுடலாம்" என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றினாள். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போகிற வழி முழுக்க தைத்து முடித்து ஃபிரேம் போட்ட படத்தை வசந்தி மடியிலிருந்து இறக்கவே இல்லை.

தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்.

நட்ட நடுவில், எல்லாரையும்விடப் பெரிதாக, வசந்தி.

அவள் இறங்கி அதற்கு முன்னால் நின்றாள். அசையவில்லை. உள்ளேயிருந்து பட்டுப்புடவையோடு சுதா ஓடி வந்தாள். வந்தவள் அக்கா கையிலிருந்த ஃபிரேமை வாங்கிப் பேப்பரைப் பிரித்தாள். ஆறு வயது முகத்தை விரலால் தடவினாள்.

"யக்கா... என் கலரு அப்டியே கீதுக்கா" என்றாள். அழுதாள்.

வசந்தியும் அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனரை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பேனர் கடைக்காரர் மரியாதைக்குக் கம்ப்யூட்டரிலேயே அவள் முகத்துக்கு வெள்ளையடித்திருந்தார். சுண்ணாம்பு தோற்றது.

"உங்கலரு கரெக்டாதான் புடிச்சேன். நீ இன்னாடி... என்னிய ஒரு வெயிலுகூட காய வெக்கலியே!"